‘கீழ்ப்படிந்து அடங்குங்கள்’ என்பது எதுவரை? போதகரின் அதிகாரமும் விசுவாசியின் பொறுப்பும்

ஒரு போதகர் மேல் வழக்கு, கைது, பணமோசடி என்று செய்தி வரும்போது இரண்டு கேள்விகள் எழுகின்றன. ‘கர்த்தர் அபிஷேகம்பண்ணினவரை நாம் கேள்வி கேட்கலாமா?’ என்று சபைக்குள்ளே கேட்கிறார்கள். ‘இத்தனை வருஷம் அவர் சொன்னதையெல்லாம் செய்தவர்களுக்குச் சுயபுத்தி எங்கே போனது?’ என்று வெளியே கேட்கிறார்கள். முதல் கேள்வி விசுவாசியிடமிருந்து பொறுப்பு முழுவதையும் பறித்துவிடுகிறது. இரண்டாவது கேள்வி, ஏமாற்றப்பட்டவர் தலையிலேயே பழி முழுவதையும் வைக்கிறது.

போதகருக்கு அதிகாரம் உண்டு. அது எதன் மேல், எந்த வழியாக, யாருக்குக் கணக்குக் கொடுக்கும் அதிகாரம் என்று பிரித்துப் பார்த்தால்தான் மற்றவை விளங்கும்.

போதனை, ஆலோசனை, உத்தரவு

பாஸ்டர் என்றோ ஐயர் என்றோ எப்படி அழைத்தாலும், ஒரு போதகர் விசுவாசியிடம் பேசும் பேச்சு மூன்று வகைப்படும்.

1. போதனை. வேதம் சொல்வதை எடுத்துக் காட்டுவது. ‘பொய்ச்சாட்சி சொல்லாதே’ என்று போதகர் சொன்னால் அதன் கனம் கட்டளையிலிருந்து வருகிறது. நேற்று ஊழியத்துக்கு வந்த உபதேசியார் சொன்னாலும் அதே கனம்தான்.

2. ஆலோசனை. வேதம் நேரடியாகப் பேசாத காரியத்தில், அனுபவமுள்ள ஒருவரின் கருத்து. துபாய் வேலைக்குப் போகலாமா, கடன் வாங்கி வீடு கட்டலாமா, மகளை எந்தக் கல்லூரியில் சேர்க்கலாம் என்பவை இதில் அடங்கும். கேட்டுக்கொள்ளலாம், தள்ளியும் விடலாம். தள்ளுவது பாவமல்ல.

3. உத்தரவு. ஆராதனை எத்தனை மணிக்கு, யார் பிரசங்கிப்பது, யார் பாடகர் குழுவை நடத்துவது போன்ற சபையின் பொது ஒழுங்கில் இதற்கு இடமுண்டு. ஒருவருடைய வீட்டுக்குள் இதற்கு இடமில்லை.

கோளாறு பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறது. ஆலோசனை, போதனையின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. ‘இந்த வரன் சரிப்படாது என்று எனக்குத் தோன்றுகிறது’ என்றால் அது ஆலோசனை. ‘இந்த வரன் வேண்டாம் என்று கர்த்தர் எனக்குக் காட்டினார்’ என்றால் அதே கருத்து கட்டளையாகிவிடுகிறது. இனி மறுப்பவர் கர்த்தரையே மறுத்தவராகிறார். நாளைக்கு அது தவறாகப் போனால், ‘நீங்கள் விசுவாசத்தோடு செய்யவில்லை’ என்ற பதில் தயாராக இருக்கிறது. சொன்னவருக்கும் பொறுப்பில்லை, செய்தவருக்கும் தான் முடிவெடுத்த நினைவில்லை. நடுவில் ஒரு பெண்ணின் வாழ்க்கை போயிருக்கும்.

எபிரெயர் 13:17 கேட்பது என்ன?

‘உங்களை நடத்துகிறவர்கள், உங்கள் ஆத்துமாக்களுக்காக உத்தரவாதம்பண்ணுகிறவர்களாய் விழித்திருக்கிறவர்களானபடியால்… அவர்களுக்குக் கீழ்ப்படிந்து அடங்குங்கள்.’ அடங்கச் சொல்லும் பிரசங்கங்கள் பெரும்பாலும் நிற்பது இந்த வசனத்தின் மேல்தான். ஆகவே இதை நிதானமாகப் படிக்க வேண்டும்.

முதலாவது, ‘நடத்துகிறவர்கள்’ என்பது மரியாதைப் பன்மை அல்ல, எண்ணிக்கைப் பன்மை. தமிழில் ஒரு போதகரையே ‘அவர்கள்’ என்று சொல்லிப் பழகியதால் இது நம் காதில் விழுவதில்லை. மூலமொழியில் பலர் சேர்ந்து நடத்தும் சபைதான் கண்ணுக்கு முன் நிற்கிறது. பவுலும் பர்னபாவும் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தினார்கள் என்று அப்போஸ்தலர் 14:23 சொல்வதும் அதுவே.

இரண்டாவது, ‘கீழ்ப்படிந்து’ என்ற இடத்தில் உள்ள கிரேக்க வினை ‘பெய்தோ’. அதன் அடிப்படைப் பொருள் எடுத்துச் சொல்லி இணங்க வைப்பது. இங்கே அது செயப்பாட்டு வடிவில், ‘அவர்கள் எடுத்துச் சொல்வதற்கு இணங்குங்கள்’ என்ற சாயலில் வருகிறது. பிள்ளைகள் பெற்றோருக்கும் அடிமைகள் எஜமானுக்கும் கீழ்ப்படிவதைச் சொல்ல எபேசியர் 6-ஆம் அதிகாரம் எடுக்கும் ‘ஹுபாகூவோ’ வேறு சொல். இதை வைத்துக்கொண்டு, இந்த வசனத்தில் கீழ்ப்படிதலே இல்லை என்று வாதிடுவது மிகை. அடுத்து வரும் ‘அடங்குங்கள்’ உண்மையாகவே விட்டுக்கொடுக்கச் சொல்கிறது. ஆனால் இணங்க வைப்பதற்கு முதலில் காரணம் சொல்லியாக வேண்டும். ‘நான் சொன்னேன், செய்’ என்பதற்கு இந்தச் சொல் இடம் தராது.

மூன்றாவது, கணக்கு யாருடையது? போதகர் உத்தரவாதம்பண்ணுகிறவர், அதாவது கணக்கு ஒப்புவிக்க வேண்டியவர். இந்த வசனத்தில் பயப்பட வேண்டியவர் அவர்தான். அதே சமயம் ரோமர் 14:12, ‘நம்மில் ஒவ்வொருவனும் தன்னைக்குறித்துத் தேவனுக்குக் கணக்கொப்புவிப்பான்’ என்கிறது. இரண்டு கணக்குகளும் தனித்தனி. அவர் எப்படி மேய்த்தார் என்பது அவர் கணக்கு. நான் எப்படி வாழ்ந்தேன் என்பது என் கணக்கு. ஒன்றைக் காட்டி மற்றொன்றைத் தள்ளுபடி செய்ய முடியாது.

இதே கருத்து கலாத்தியர் 6-இல் தமிழ் வாசகருக்குக் கொஞ்சம் மறைந்து கிடக்கிறது. 2-ஆம் வசனம் ஒருவர் பாரத்தை ஒருவர் சுமக்கச் சொல்கிறது. 5-ஆம் வசனம் அவனவன் தன் பாரத்தைச் சுமப்பான் என்கிறது. முரண்போலத் தெரியும். கிரேக்கத்தில் முன்னது ‘பாரோஸ்’, ஆளை நசுக்கும் சுமை. பின்னது ‘ஃபோர்டியான்’, வழிப்பயணி ஒவ்வொருவரும் தோளில் போட்டுக்கொள்ளும் அவரவர் மூட்டை. சாவு, நோய், கடன் என்று நசுக்கும் சுமை வரும்போது போதகரும் சபையும் தோள் கொடுக்க வேண்டும். அவரவர் மூட்டையை யாரும் வாங்கிக்கொள்ளக் கூடாது, யாரிடமும் கொடுக்கவும் கூடாது.

‘அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடாதே’

இந்த வரி வரும் சங்கீதம் 105:15-ஐ அதற்கு முந்தைய மூன்று வசனங்களோடு சேர்த்து வாசித்தால் போதும். அங்கே பேசப்படுகிறவர்கள் ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு. கொஞ்சப்பேராய், நாடோடிகளாய்ச் சுற்றிய குடும்பம். கடிந்துகொள்ளப்படுகிறவர்கள் ராஜாக்கள். அதிகாரம் உள்ளவர் இல்லாதவரைத் தொடக்கூடாது என்று சொல்லும் வசனத்தை, அதிகாரம் உள்ளவரைக் காக்கும் கவசமாகத் திருப்பிவிட்டோம்.

தம்மைக் கொல்லத் தேடிய சவுல் ராஜாவைத் தாவீது தொடவில்லையே என்பார்கள். கொல்லவில்லை, உண்மை. ஆனால் 1 சாமுவேல் 24-இல் சவுல் கேட்க, அவன் ஆட்கள் கேட்க, அவன் செய்வது அநியாயம் என்று சத்தமாய்ச் சொன்னார். பிறகு அவன் கைக்கு எட்டாத இடத்திலேயே இருந்தார். அந்தியோகியாவில் பேதுருவைப் பவுல் எல்லாருக்கும் முன்பாகக் கண்டித்ததை கலாத்தியர் 2 மறைக்காமல் எழுதிவைத்திருக்கிறது. அபிஷேகமோ, 1 யோவான் 2-ஆம் அதிகாரத்தின்படி விசுவாசிகள் எல்லாருக்கும் உரியது.

ஃபோர்ட் லாடர்டேலில் நடந்தது

அதிகாரமும் பொறுப்பும் கலந்தால் என்ன ஆகும் என்பதற்கு நன்றாகப் பதிவான ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஃபோர்ட் லாடர்டேல் நகரை மையமாகக் கொண்டு 1970-களில் எழுந்தது ‘மேய்ப்பர் இயக்கம்’. தலைவர்கள் ஐந்து பேர்: பாப் மம்ஃபோர்ட், டெரெக் பிரின்ஸ், சார்லஸ் சிம்ப்சன், டான் பாஷம், பின்னால் சேர்ந்த எர்ன் பாக்ஸ்டர். இவர்களில் டெரெக் பிரின்ஸ் 1915-இல் நம் பக்கத்துப் பெங்களூரில் பிறந்தவர்.

தொடக்கம் நல்ல நோக்கம்தான். தங்களோடு ஊழியம் செய்த ஒரு தலைவர் ஒழுக்கத்தில் விழுந்ததைப் பார்த்த இவர்கள், யாரும் தனித்து நிற்கக் கூடாது, ஒருவருக்கொருவர் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று 1970-இல் உடன்படிக்கை செய்துகொண்டார்கள். சமமானவர்கள் தங்களுக்குள் செய்துகொண்ட அந்த ஏற்பாடு, கீழே இறங்கும்போது உருமாறியது. அது எப்படி என்பதுதான் நாம் படிக்க வேண்டிய பாடம்.

1. ஒவ்வொரு விசுவாசிக்கும் ஒரு தனி மேய்ப்பன். அவனுக்கு மேல் இன்னொரு மேய்ப்பன். கோபுரம்போல அடுக்கு ஏறி, உச்சியில் அந்த ஐவர். கணக்குக் கொடுப்பது கீழிருந்து மேலே மட்டும் போனது. மேலிருந்து கீழே வரவில்லை.

2. மேய்ப்பன் உன் ‘கவரிங்’, அதாவது உன்னை மூடிக் காப்பவன், அவன் நிழலை விட்டு வெளியே போனால் சாத்தானுக்குத் திறந்த வாசல் என்ற போதனை. பிரிந்து போகும் உரிமை இதனால் பயமாக மாறியது.

3. வேலை, திருமணம், வீடு மாறுவது போன்ற முடிவுகளுக்கு மேய்ப்பனின் சம்மதம். ஆலோசனை மெல்ல அனுமதியாகியது.

4. தசமபாகம், அதாவது வருமானத்தில் பத்தில் ஒரு பங்குக் காணிக்கை, பல இடங்களில் சபைக்குப் போகாமல் அந்தந்த மேய்ப்பனிடமே போனது. ஆளைக் கண்காணிப்பவரும் அவன் பணத்தால் வாழ்பவரும் ஒருவரே ஆனார்கள்.

1975-இல் எதிர்ப்பு வெடித்தது. தொலைக்காட்சி ஊழியர் பாட் ராபர்ட்சன் இவர்களைத் தம் ஒளிபரப்பிலிருந்து விலக்கினார். 1984-க்குள் டெரெக் பிரின்ஸ் விலகிவிட்டார். இவர்களின் ‘நியூ வைன்’ இதழ் 1986-இல் நின்றது. 1989-இல் பாப் மம்ஃபோர்ட் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார்; மனிதத் தலைவர்களுக்கு வேதத்துக்குப் புறம்பான கீழ்ப்படிதலாக இது முடிந்தது, குடும்பங்கள் பிளந்தன என்று ஒப்புக்கொண்டார். அந்த மன்னிப்பை நான் பெரிதாக மதிக்கிறேன். இவ்வளவு வெளிப்படையாகத் திரும்பிய தலைவர்கள் குறைவு.

இங்கே கெட்ட மனிதர்களைத் தேட வேண்டியதில்லை. பைபிளை ஆழமாகப் படித்தவர்கள், உண்மையுள்ளவர்கள். அமைப்பில் மேலிருப்பவரைக் கேட்க ஆளில்லை என்றால், நல்ல மனிதரும் பத்து வருஷத்தில் அங்கேதான் போய்ச் சேருவார். நம்மிடையே ‘ஆவிக்குரிய தகப்பன்’ என்ற சொல் பரவும் விதத்தில் இதே அடுக்கு தெரிகிறது. கொரிந்தியருக்குத் தம்மைத் தகப்பன் என்று சொன்ன பவுலே அதே நிருபத்தில், ‘நான் சொல்லுகிறதை நீங்களே நிதானித்துப்பாருங்கள்’ என்றும் எழுதினார். அந்த இரண்டாவது வரியையும் சேர்த்துச் சொல்கிற தகப்பனுக்குப் பயப்படத் தேவையில்லை.

எல்லைக்கோடு தவறும் நான்கு இடங்கள்

1. மருந்து. ‘விசுவாசம் இருந்தால் மாத்திரையை நிறுத்து’ என்று சொல்ல எந்தப் போதகருக்கும் அதிகாரமில்லை. இன்சுலினை நம்பியே வாழும் முதல் வகைச் சர்க்கரை நோயாளி அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே இரத்தம் அமிலமாகி உயிர் போகலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென விட்டால் நிற்காத வலிப்பு வரலாம். காசநோய்க்கு வழக்கமாக 6 மாதம் மருந்து. பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காமல் போகலாம், வீட்டாருக்கும் அதே கிருமி தொற்றலாம். ஜெபத்தில் சுகம் கிடைத்தது என்று நம்பினால் பரிசோதனை செய்து மருத்துவரிடம் காட்டலாம். குறைப்பதும் நிறுத்துவதும் அவர் கையில். லூக்கா 17-இல் பத்துக் குஷ்டரோகிகளை இயேசு அனுப்பியது ஆசாரியரிடம். லேவியராகமம் 14-இன்படி சுத்தமானதைப் பார்த்துச் சான்று சொல்வது ஆசாரியரின் வேலை.

2. பணம். நிலம் விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டு முழுவதையும் கொடுத்ததாகக் காட்டிக்கொண்ட அனனியாவிடம் பேதுரு கேட்டார்: விற்குமுன் அது உன்னுடையதாக இருக்கவில்லையா, விற்றபின்னும் அதன் பணம் உன் வசத்தில் இருக்கவில்லையா? பொய்யைக் கண்டித்த அந்த இடத்திலும் சொத்து அவனுடையதே என்று அப்போஸ்தலர் 5:4 ஒப்புக்கொள்கிறது. கொடுப்பது விசுவாசியின் தீர்மானம். கொடுத்தபின் கணக்கு சபையுடையது: காணிக்கையை உறவினரல்லாத இருவர் சேர்ந்து எண்ணி, இருவரும் கையெழுத்திட்டு, அடுத்த வேலைநாளில் வங்கியில் கட்டி, வருஷத்துக்கு ஒருமுறை தணிக்கைக் கணக்கைச் சபையில் வாசிக்க வேண்டும். பவுலும் எருசலேமுக்கான காணிக்கையைத் தனியாக எடுத்துப் போகவில்லை. கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமாயிருக்க, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் உடன் அனுப்பியதை 2 கொரிந்தியர் 8 சொல்கிறது.

3. திருமணமும் கல்லறையும். இவை பிடியாகப் பயன்படும். சந்தா பாக்கி, கமிட்டியோடு மனஸ்தாபம் என்ற காரணங்களுக்காக ஓலை வாசிக்க (திருமண அறிவிப்பைச் சபையில் படிக்க) மறுப்பது, கல்லறைத் தோட்டத்தில் இடம் தர இழுத்தடிப்பது போன்றவை ஒழுங்கு நடவடிக்கை ஆகாது. துக்க வீட்டில் வசூல் நடத்துவது அது. திருமணத்துக்கு மாற்று வழி உண்டு: 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்தின்படி 30 நாள் அறிவிப்புக் கொடுத்துப் பதிவு செய்யலாம். கல்லறைக்கு அப்படி ஒரு சுலபமான வழி இல்லை. அதனால்தான் அந்தப் பிடி இவ்வளவு பலமாக இருக்கிறது.

4. குற்றம். பிள்ளைகள் மேல் பாலியல் குற்றம் நடந்தது தெரிந்தால், 2012-ஆம் ஆண்டு போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவின்படி காவல்துறைக்குச் சொல்வது யாராக இருந்தாலும் கடமை. சொல்லாவிட்டால் 21-ஆம் பிரிவின்படி 6 மாதம் வரை சிறை. நிறுவனப் பொறுப்பிலிருப்பவர் தமக்குக் கீழிருப்பவரின் குற்றத்தை மறைத்தால் ஒரு வருஷம் வரை. ‘ஆலோசனை நேரத்தில் சொன்னது, இரகசியம்’ என்ற வாதம் நிற்காது. வழக்கறிஞருக்குச் சாட்சியச் சட்டம் தரும் பாதுகாப்பு இந்தியாவில் போதகருக்கு இல்லை. பிள்ளைகளுக்கான உதவி எண் 1098.

புகார் போகும் பாதை

1 தீமோத்தேயு 5:19 இரண்டு மூன்று சாட்சிகள் இல்லாமல் மூப்பர் மேல் பிராதை ஏற்கக்கூடாது என்கிறது. வதந்தியால் ஒரு நல்ல ஊழியர் அழியாதபடி அந்த வேலி தேவை. அடுத்த வசனத்தை மட்டும் வசதியாக விட்டுவிடுகிறோம்: குற்றம் உண்மையென்றால் எல்லாருக்கும் முன்பாகக் கடிந்துகொள்ள வேண்டும்.

சொல்லில் காயம், ஒருதலைப்பட்சம், வாக்குத் தவறியது போன்ற குறைகளுக்கு மத்தேயு 18-இன் பாதை: முதலில் தனிமையில், பிறகு ஓரிருவரோடு, பிறகு சபைக்கு. இதைக் குற்றத்துக்குப் பொருத்துவது கொடுமை. பாதிக்கப்பட்ட சிறுமியை ‘முதலில் அவரைத் தனியே போய்ப் பார்’ என்று அனுப்பும்படி அந்த வேதப்பகுதி கேட்கவில்லை. சகோதரர் வழக்குக்குப் போகக்கூடாது என்னும் 1 கொரிந்தியர் 6-உம் ஜீவனத்துக்கடுத்த கொடுக்கல் வாங்கல் தகராறுகளைப் பற்றியது.

எழுதிக் கொடுங்கள். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர் ஆகியவை ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும். நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபைகளில் சேகரக் கமிட்டி, பல சேகரங்கள் சேர்ந்த திருமண்டலம், அதன் தலைவரான பேராயர் என்று மேலே போக வழி இருக்கிறது. அங்கே தடையாவது தேர்தல் அரசியலும் தாமதமும். சுயாதீன சபைகளில் முதலில் கேட்க வேண்டியது டிரஸ்ட் பத்திரம். அறங்காவலர்கள் போதகர், அவர் மனைவி, அவர் மகன் என்று மட்டும் இருந்தால், அங்கே புகாரை விசாரிக்க ஒருவருமில்லை. சேருவதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டிய காகிதம் அது.

தரங்கம்பாடியில் 1706 முதல் வேர்விட்ட தமிழ் லுத்தரன் சபை ஏற்றுக்கொண்டிருக்கும் 1530-ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் விசுவாச அறிக்கை, 28-ஆம் பிரிவில் இந்த எல்லையைத் தெளிவாகப் போட்டது: பேராயரின் அதிகாரம் மனித வல்லடியால் அல்ல, வார்த்தையால் நடப்பது, சுவிசேஷத்துக்கு விரோதமாக அவர்கள் போதித்தால் கீழ்ப்படியாதிருப்பதே சபைகளுக்குத் தேவகட்டளை.

விசுவாசியின் பங்கு

இதுவரை சொன்னது போதகரின் எல்லை. அந்த எல்லைக்கு வெளியே இருப்பதெல்லாம் விசுவாசியின் தோளில்தான் வருகிறது, அது இலேசானதல்ல.

1 இராஜாக்கள் 13 வேதத்திலேயே மிகக் கடினமான அதிகாரங்களில் ஒன்று. யூதாவிலிருந்து வந்த தேவனுடைய மனிதனுக்கு, பெத்தேலில் சாப்பிடாதே, குடிக்காதே, வந்த வழியே திரும்பாதே என்பது நேரடிக் கட்டளை. ராஜா விருந்துக்குக் கூப்பிட்டபோது மறுத்துவிட்டான். வயதான தீர்க்கதரிசி ஒருவன் வந்து, ‘ஒரு தூதன் எனக்குச் சொன்னான்’ என்று அழைத்தபோது போனான். கிழவன் சொன்னது பொய். திரும்பும் வழியில் சிங்கம் கொன்றது இளையவனை. ராஜாவின் அதிகாரத்தை எதிர்க்கத் தெரிந்தவனுக்கு, பக்தியின் குரலில் வந்த அதிகாரத்தைச் சோதிக்கத் தெரியவில்லை. ஏமாற்றியவன் குற்றவாளி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் தான் கேட்ட வார்த்தையை இன்னொருவரின் வெளிப்பாட்டுக்காகக் கைவிட்டது அவன் செய்த தெரிவு.

ஏன் நாம் கையை நீட்டி முடிவை வேறொருவரிடம் கொடுக்கிறோம்? முடிவெடுப்பது பயமாக இருக்கிறது. தவறிப்போனால் சொந்தக்காரர் முன்னால் தலைகுனிய வேண்டும். ‘ஐயா சொன்னார்’ என்றால் தப்பித்துக்கொள்ளலாம். இந்தப் பயத்தைப் போதகர்கள் மட்டும் உருவாக்கவில்லை. பல நல்ல போதகர்கள் ‘நீங்களே ஜெபித்து முடிவு செய்யுங்கள்’ என்று சொல்லும்போது, வாக்குத்தத்தம் கேட்டு அடுத்த சபைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

பெரோயா ஊரார் செய்தது செய்யக்கூடிய காரியம்தான். பவுல் சொன்னதை மனோவாஞ்சையாய் ஏற்றுக்கொண்டார்கள். காரியங்கள் அப்படியிருக்கிறதா என்று தினந்தோறும் வேதவாக்கியங்களை ஆராய்ந்தார்கள். அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்க வசனத்தை எழுதி வந்து, திங்கட்கிழமை அந்த அதிகாரம் முழுவதையும் வாசிக்க இருபது நிமிஷம் ஆகும். பெரிய முடிவு என்றால், போதகரோடு கூட, அந்த முடிவால் ஆதாயமோ நஷ்டமோ இல்லாத இன்னும் இருவரிடம் கேளுங்கள். யாராவது ‘கர்த்தர் காட்டினார்’ என்றால், ‘எனக்கும் காட்டட்டும் ஐயா, ஒரு மாதம் பொறுத்துச் சொல்கிறேன்’ என்று மரியாதையாகச் சொல்லலாம். அதற்கு அவர் கோபப்பட்டால், அந்த முடிவைப் பற்றித் தெரியவேண்டியதில் பாதி அந்த நிமிஷமே தெரிந்துவிடும்.